நாற்பத்து மூன்றுக்கு வந்த பதில்

எங்கள் கல்லூரி ஆஸ்டலில் ஆவி உண்டு என்று சொல்பவர்கள், அதற்குச் சாட்சியாக என்னைத்தான் காட்டுவார்கள். நான் பேய்க்கதை சொல்கிற ஆள் இல்லை. இயற்பியல் ஆய்வகத்தில் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்து, பிறகு விரிவுரையாளராகி, கூடவே பதினொரு வருடம் ஆஸ்டலின் உதவி வார்டனாகவும் இருந்தவன். தினமும் டைரி எழுதுகிறவன். மழை பெய்தால் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு நின்றது என்று குறித்து வைக்கிறவன். கதை நிலைத்ததற்கும் அதுதான் காரணம். “அந்த சார் பொய் எழுத மாட்டாருடா, அவர் ரெஜிஸ்டர்லயே இருக்கு” என்று மாணவர்கள் பேசிக்கொள்வார்கள். ரெஜிஸ்டரில் இருப்பது உண்மை. அது எப்படி அங்கே வந்தது என்பதை, எழுபதுகள் முடியப்போகிற இந்த நேரத்தில், ஒரு முறை முழுதாக எழுதி வைக்கிறேன். வாயால் பலரிடம் சொல்லிக் களைத்துவிட்டேன்.

தாம்பரத்தில் ரயில் பாதைக்குக் கிழக்கே, சேலையூர் போகும் வழியில் இருந்த சிறிய கல்லூரி எங்களுடையது. ஆஸ்டலில் தொண்ணூற்றாறு மாணவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அந்த எண் மேஜை டிராயரிலும், சாப்பாட்டுத் தட்டிலும் இருக்கும்; சலவைக்காரர் சட்டைக் காலரின் உட்புறத்தில் அழியாத மையில் எழுதியும் இருப்பார். மாலை ஏழு மணிக்கு ஜெபம் முடிந்ததும் சாப்பாட்டுக் கூடத்து வராந்தாவில் ஆஜர் எடுப்பேன். பெயரைச் சொல்வதில்லை. எண்ணைக் கூப்பிட்டால் “பிரசன்ட் சார்” என்று குரல் வரும், நான் டிக் போடுவேன். எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவருக்குப் பத்து நிமிடம் ஆகும். நான் நான்கு நிமிடத்தில் முடிப்பேன். தலை நிமிர்ந்தால் வரிசை தவறிவிடும் என்பதால் நிமிர மாட்டேன். மாதக் கடைசியில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாத பக்கத்தைப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஒருவருக்காக இன்னொருவர் குரல் கொடுப்பது எந்த ஆஸ்டலிலும் உள்ள வழக்கம். அதற்கு ப்ராக்சி என்று பெயர். எனக்கு அது தெரியாது என்று சொன்னால் பொய். என் வரிசையில் அது நடக்காது என்று நினைத்திருந்தேன்.

அறுபதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை, நாற்பத்து மூன்றாம் எண் மாணவன் மதியச் சாப்பாடு முடிந்ததும் யாரிடமும் அனுமதி கேட்காமல், மாமல்லபுரம் போகும் வழியிலுள்ள கோவளத்துக்குப் போனான். இரண்டாம் வருடம் படித்தவன். திருநெல்வேலிப் பக்கத்து உள்நாட்டுக் கிராமம், தகப்பனார் ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியர். கோவளத்தில் மாதா கோயில் திருவிழா. இரவு வெளியே தங்க வேண்டுமென்றால் வீட்டிலிருந்து கடிதம் வர வேண்டும். கடிதம் வந்து சேருவதற்குள் திருவிழா முடிந்துவிடும். அதனால் அறைத்தோழனிடம் ஆஜரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஞாயிறு ராத்திரி வந்துவிடுவதாகச் சொல்லிப் புறப்பட்டான். அறைத்தோழன் கடைசி வருட மாணவன். ரெக்கார்ட் நோட்டு முடிக்க வேண்டியிருந்ததால் கூடப் போகவில்லை.

நான்கு மணி வாக்கில் கடலில் குளிக்க இறங்கியவன் திரும்பவில்லை. ஏழு மணிக்கு நான் நாற்பத்து மூன்று என்றேன். “பிரசன்ட் சார்” என்று பதில் வந்தது. டிக் போட்டேன். அன்றைய டைரியில் “ஆஜர் முழுமை” என்று எழுதியிருக்கிறேன்.

ஞாயிறு விடியற்காலையில் உடல் கரை ஒதுங்கியது. திருவிழாவுக்கு எத்தனையோ ஊர்களிலிருந்து கூட்டம் வந்திருந்தது. யார் பிள்ளை என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. மணலில் கிடந்த சட்டையை மீனவர்கள் எடுத்து வைத்திருந்தார்கள். காலரில் எண் இருந்தது, ஆனால் அது எந்த இடத்து எண் என்று சொல்ல ஆள் இல்லை. படிக்கிற பையன் மாதிரி இருக்கிறான் என்று யாரோ சொன்னதன் பேரில் போலீசார் பல இடங்களில் விசாரித்தார்கள். எங்கள் ஆஸ்டலுக்கும் ஞாயிறு மதியம் ஒன்றரை மணிக்கு ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளில் வந்தார். நான் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று பேசினேன்.

“உங்க பசங்க எல்லாம் உள்ளதான் கீறாங்களா சார்?” என்று கேட்டார்.

காலர் எண்ணைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. நானும் என்ன விஷயம் என்று கேட்கவில்லை. ரெஜிஸ்டரைக் கொண்டுவந்து முந்தைய நாள் பக்கத்தைத் திறந்து காட்டினேன். தொண்ணூற்றாறு டிக். அவர் விரலை வைத்து மேலிருந்து கீழே வரை பார்த்துவிட்டு, சரி சார் என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். வெயில் கடுமையாக இருந்தது. நான் உள்ளே வந்து படுத்துக்கொண்டேன்.

உடல் இருந்த நிலையில் அதற்கு மேல் வைத்திருக்க முடியாது என்று ஊர்க்காரர்களும் அதிகாரிகளும் சேர்ந்து மாலை ஐந்தரை மணிக்குக் கோயில் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். ஏழு மணிக்கு நான் மறுபடியும் நாற்பத்து மூன்று என்றேன். மறுபடியும் பதில் வந்தது.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு அறைத்தோழன் என் ஆய்வகத்துக்கு வந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் மற்ற மாணவர்களை வெளியே அனுப்பினேன். கோவளம் போனவன் இன்னும் திரும்பவில்லை, இரண்டு நாளும் குரல் கொடுத்தது தான்தான் என்று எல்லாவற்றையும் சொன்னான். அன்று மாலையே முதல்வரும் நானும் கோவளம் போனோம். சட்டையைக் காட்டினார்கள். காலரில் சலவைக்காரரின் மை கொஞ்சமும் மங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை முதல்வர் ஆஸ்டல் மாணவர்கள் எல்லாரையும் கூட்டி, சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் நாற்பத்து மூன்றுக்குப் பதில் சொன்னது யார் என்று கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. அறைத்தோழன் என்னைப் பார்த்தான். நான் கையிலிருந்த ரெஜிஸ்டரைப் பார்த்தேன். முதல்வர் என் பக்கம் திரும்பினார். பதில் கேட்டது, டிக் போட்டேன் என்றேன். அவர் வயதானவர், மிகவும் களைத்திருந்தார். அத்துடன் விட்டுவிட்டார்.

அந்தப் பையனைக் காப்பாற்றினேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவனுக்கு அது கடைசி வருடம், விஷயம் வெளியே வந்தால் அவனைக் கல்லூரியை விட்டு அனுப்பியிருப்பார்கள். ஆனால் கான்ஸ்டபிள் வந்துபோனதை முதல்வரிடம் நான் சொல்லவே இல்லை. அதில் அந்தப் பையனுக்குச் சம்பந்தம் கிடையாது. காப்பாற்றிக்கொண்டது என்னை. என் மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் ஞாயிறு மதியம் உள்ளே இருந்தாள். “அந்தப் போலீஸ்காரர் எதுக்கு வந்தாருன்னு இப்பத்தான் புரியுது” என்று செவ்வாய் மாலை சொன்னாள்.

தகப்பனார் புதன்கிழமை வந்தார். அவரைக் கோவளம் அழைத்துப்போனதும் நான்தான். மண் மேட்டின் முன்னால் வெகுநேரம் நின்றார். “ஏன் சார் இவ்வளவு அவசரமாப் பொதைச்சிட்டாங்க?” என்று ஒரே ஒரு தடவை கேட்டார். யாரென்று தெரியவில்லையாம் என்றேன். அது உண்மைதான். முழு உண்மை இல்லை. அவர் பையனின் டிரங்குப் பெட்டியையும் மெத்தைச் சுருளையும் எடுத்துக்கொண்டு மறுநாள் ஊருக்குப் போனார். மகனின் முகத்தை அவர் கடைசியாகப் பார்த்தது ஜூன் மாதம் ரயிலேற்றி அனுப்பியபோது.

இனி ஆவி.

பதில் கேட்டது என்று முதல்வரிடம் நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் அது பிறந்தது. பதில் சொன்னவன் யாரும் இல்லை. பதில் கேட்டதாக நான் சொல்கிறேன். நானோ தவறாக எழுதாதவன். அப்படியென்றால் நாலு மணிக்குச் செத்தவன் ஏழு மணிக்கு வந்து ஆஜர் சொல்லியிருக்கிறான். கணக்குப் பாடம் போல மாணவர்கள் அதைப் போட்டு முடித்துவிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் சலவைக்காரர் வரை தெரிந்திருந்தது. ஒரு மாதத்தில் சேலையூர்க் கடைகளில் கேட்டார்கள்.

ஆஸ்டல் வாட்ச்மேன் முதலில் வந்தார். “சார், அந்த ரூமாண்ட தெனம் காலைல ஈரக்கால் தடம் கீது சார். உப்புத் தண்ணி. நான் நக்கிப் பார்த்தேன்” என்றார். நான் மூன்று நாள் காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தேன். பக்கத்து அறைக்காரன் துவைத்த துணியைப் பிழியாமல் கொடியில் போடுகிறான், சொட்டுகிற தண்ணீரை அவனே மிதித்துக்கொண்டு நடக்கிறான். வாட்ச்மேனைக் கூட்டிவந்து காட்டினேன். “நீங்க பட்ச்சவுரு, சொல்லிட்டுப் போவீங்க. எனக்கு அந்தப் பக்கம் டூட்டி வேணாம், பேஜாரா கீது” என்றார். உப்பு எப்படி வந்தது என்று கேட்டதற்கு, பயத்தில் வாயே உப்புக் கரிக்காதா என்று திருப்பிக் கேட்டார்.

அடுத்த கல்வியாண்டில் நாற்பத்து மூன்றாம் எண்ணைப் புதிய மாணவர்களில் யாரும் வாங்கவில்லை. ஒருவனுக்குக் கொடுத்தேன்; அவன் அப்பா பெரம்பூரிலிருந்து வந்து, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நாற்பத்து இரண்டுக்குப் பிறகு நாற்பத்து நான்கு கூப்பிட வேண்டியதாயிற்று. அந்த இடத்தில் வராந்தா முழுவதும் மூச்சுக் காட்டாமல் நிற்கும். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவனுக்கு அந்த இடைவெளியில் குரல் கேட்டது. பக்கத்திலிருந்த விமானப்படைத் தளத்தில் விமானம் இறங்கும் சத்தம் அந்த அறையில் மட்டும் அலைச் சத்தமாகக் கேட்கிறது என்றார்கள். ஒரு போதகரை வரவழைத்து அறையில் ஜெபம் நடத்தினோம். அதே வாரம் யாரோ கதவு நிலையில் எலுமிச்சம்பழம் கட்டினார்கள். கடைசியில் அறையைப் பூட்டி உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்தோம். பூட்டிய அறை என்று ஆனதும் கதை இன்னும் வளர்ந்தது.

நானும் மாறியிருந்தேன். ஒவ்வோர் எண்ணுக்கும் தலை நிமிர்ந்து, முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் டிக் போட்டேன். நான்கு நிமிட வேலை பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. பசியோடு நிற்கும் மாணவர்கள் முணுமுணுத்தார்கள். பிறகு அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்தார்கள்: சார் கூட்டத்துக்குள்ளே அவனைத் தேடுகிறார். இதைக் கேட்டபோது மறுக்கத் தோன்றவில்லை.

இப்படி நான்கு வருடம். என்னை அலுக்கச் செய்தது பயமில்லை, ஒரே கதையைத் திரும்பத் திரும்ப என்னிடமே கொண்டுவந்து சரிபார்க்கச் சொன்னதுதான். நான் மறுத்தால் மறைக்கிறேன் என்றார்கள். பேசாமலிருந்தால் ஒப்புக்கொண்டேன் என்றார்கள். உண்மையைச் சொல்ல வேண்டிய ஒரே ஆள் கிட்டத்தட்ட நானூறு மைல் தூரத்தில் இருந்தார். அவருக்குக் கடிதம் எழுத மூன்று முறை உட்கார்ந்து, மூன்று முறையும் எழுந்துவிட்டதாக டைரியில் இருக்கிறது.

ஐந்தாம் வருடம் அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் அவரே வந்தார். காலை ரயிலில் இறங்கிக் கோவளம் போய்விட்டு வருவதாகச் சொன்னார். செருப்பில் மணல் இருந்தது. மனைவி காப்பி கொடுத்தாள். குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் பேசினார்.

அறைத்தோழன் ஒவ்வொரு வருடமும் கிறிஸ்மஸுக்கு மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்குகிறான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவன் தேறி, மதுரைப் பக்கம் ஏதோ ஆபீசில் வேலையில் இருந்தான். முதல் வருடம் போனபோது பையனின் தாயார் அவனிடம், என் பிள்ளையைக் கடைசியாக யார் பார்த்தது என்று கேட்டிருக்கிறார்.

“அவன் சொன்னான் சார், ‘அம்மா, அவன் போனதுக்கு அப்புறமும் ரெண்டு நாள் எங்ககூட வந்து நின்னு ஆஜர் சொன்னான், சார் ரெஜிஸ்டர்லயே இருக்கு’ன்னு. அன்னையில இருந்து இவ அதைப் பிடிச்சுக்கிட்டா. தண்ணிக்குள்ள தனியாப் போகல, சிநேகிதப் பிள்ளைககிட்ட சொல்லிட்டுத்தான் போனான்னு வாரவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லுதா. அந்தப் பையனையும் வீட்டுப் பிள்ளையாவே வச்சிருக்கா. எனக்கு மட்டும் மனசு கேக்கல. அந்த ரெஜிஸ்டரைப் பார்க்கலாமா?”

பழைய ரெஜிஸ்டர்கள் என் அலமாரியில் வருட வரிசைப்படி இருந்தன. எடுத்துத் திறந்து வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்பத்து மூன்றாம் வரியில் விரலை ஓட்டினார். சனி, ஞாயிறு. பிறகு எண்ணை நீக்கியதாகச் சிவப்பு மையில் என் கையெழுத்து.

“நீங்க காதால கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“அவன் சத்தந்தானா?”

இந்தக் கேள்வியை நான்கு வருடத்தில் நூறு பேர் என்னிடம் கேட்டிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் தெரியாது என்று சொல்லியிருந்தேன். இவர் வீட்டில் அந்தக் கதை என்னவாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அப்படியே சொல்லி அனுப்பிவிடலாம் என்றும் ஒரு நிமிடம் நினைத்தேன். மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

“இல்லை. வேறொரு மாணவன் அவனுக்காகக் குரல் கொடுத்தான். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடக்கம் ஆன மறுநாளே இது எனக்குத் தெரியும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்களா?”

“எண்ணைச் சொல்லி.”

“ஓ. பேரு கூட இல்ல” என்றார். தன் பள்ளியில் அறுபது பிள்ளைகளுக்கும் பெயர் சொல்லித்தான் ஆஜர் எடுப்பதாகச் சொன்னார். குற்றம் சாட்டும் குரலாக இல்லை. ஒரு ஆசிரியர் இன்னொரு ஆசிரியரிடம் வேலையைப் பற்றிப் பேசுவது போலிருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது என்று சொல்லிக் கான்ஸ்டபிள் வந்ததைச் சொன்னேன். நேரம் என்ன என்று கேட்டார். ஒன்றரை என்றேன். அடக்கம் எத்தனை மணிக்கு? ஐந்தரை. அவர் விரல் விட்டு எண்ணினார்.

“நாலு மணி நேரம். தந்தி அடிச்சிருந்தாலும் நான் வந்திருக்க முடியாது. ஆனா நீங்க போயிருக்கலாம் சார். தெரிஞ்சவங்க ஒருத்தர் அவன் முகத்தைப் பார்த்திருப்பாங்க.”

அவர் சொன்னதில் ஒரு சொல் கூடக் கூடுதல் இல்லை.

“குரல் கொடுத்தது யாருன்னு நான் கேக்கல. கேட்டா நீங்க சொல்லணும்” என்றார் பிறகு. “இதை அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா உங்களையோ அவனையோ ரெண்டு அடி அடிச்சிருப்பேன். இப்ப கையில அதுக்குப் பலம் இல்ல.”

மாலை மின்சார ரயிலில் எழும்பூர் போய் அங்கிருந்து ஊர் வண்டியைப் பிடிக்க வேண்டும் என்றார். ஸ்டேஷன் வரை கூடப் போனேன். வழியில் தாம்பரம் மார்க்கெட்டில் தன் மனைவிக்காக ஒரு சீப்பு மலைவாழைப்பழம் வாங்கினார், அழுகல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து. பிளாட்பாரத்தில் நின்றபோது வீட்டில் சொல்வீர்களா என்று கேட்டேன்.

“நான் சொல்லப் போறதில்ல. அவன் இந்த வருசமும் வருவான். அவனாச் சொல்லுதானான்னு பார்ப்பேன்.”

“சொல்லாவிட்டால்?”

“சொல்லலேன்னா, சாப்பிட்டுட்டுப் போவான்” என்றார்.

அடுத்த திங்கட்கிழமை நடந்தவற்றை ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதி, கையெழுத்திட்டு முதல்வரிடம் கொடுத்தேன். பழைய முதல்வர் ஓய்வு பெற்றுவிட்டார், இவர் புதியவர். படித்துவிட்டு, “இப்ப எதுக்கு சார் இதெல்லாம்? எல்லாரும் மறந்தாச்சு” என்று சொல்லி ஃபைலில் வைத்தார். மாணவர்களிடமும் சொன்னேன். ஆஜர் முடிந்ததும் வராந்தாவிலேயே நிறுத்தி, அது ப்ராக்சி, நான் பார்க்காமல் டிக் போட்டேன், ஆவி எதுவும் இல்லை என்றேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். கலைந்து போகும்போது ஒருவன் மற்றவனிடம், “சார் நம்மள பயமுறுத்தக் கூடாதுன்னு சொல்றாருடா மச்சான்” என்றது என் காதில் விழுந்தது. அதற்கு மேல் எனக்குத் தெம்பில்லை. இரண்டு வருடம் கழித்து உதவி வார்டன் பொறுப்பை விட்டுவிட்டுச் சேலையூரில் வாடகை வீட்டுக்குக் குடிபோனோம்.

தகப்பனார் வந்துபோனதற்கு அடுத்த ஜனவரியில் அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. டைரியில் அப்படியே படியெடுத்து வைத்திருக்கிறேன்:

“பையன் வழக்கம்போல வந்தான். முதல் நாள் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் ஜெபம் முடிந்ததும் அவனே அவளிடம் சொல்லிவிட்டான். ரெண்டு தடவையும் நீதான் சொன்னியா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றான். அப்புறம் அவள் அவனோடு பேசவில்லை. மறுநாள் மழையில் பஸ் வராததால் இன்னொரு நாள் இருக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கும் பேசவில்லை, சாப்பாடு மட்டும் வைத்தாள். அடுத்த வருஷம் வருவேன் என்று அவன் சொல்லவில்லை. வர வேண்டாம் என்று நாங்களும் சொல்லவில்லை. ஆவி வந்த கதையை அவள் இப்போது யாரிடமும் சொல்வதில்லை. தங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தோன்றியது.”

பதில் எழுத உட்கார்ந்து, கார்டு கிடைத்தது, நன்றி என்று மட்டும் எழுதிப் போட்டேன். அடுத்த டிசம்பரில் அவன் அந்த வீட்டுக்குப் போனானா என்று எனக்குத் தெரியாது. கேட்டு எழுதலாம். அந்த உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.